செக்ரட்டரி சிரிக்கும் இடம்

எங்கள் பக்கத்துக் கால்பந்தில் எழுதாத கட்டுப்பாடு ஒன்று உண்டு. வெறுங்காலோடு ஆடுகிறவர்களுக்கு எதிரே பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். பந்தைத் தொட்டே பார்க்காத எனக்கு இது தெரியும். என் மகன் ஆடிய குழுவின் செக்ரட்டரிக்குத் தெரியாதா?

எழுபதுகளில் ஒரு கோடை. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், வற்றிக் கிடந்த ஏரியில், தொழிலாளர்கள் ஆடும் ஆட்டத்தைப் படம்பிடிக்க மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கொட்டகையில் சினிமாவுக்கு முன்னால் காட்டுவார்களே, அந்தச் சின்னப் படத்துக்காக. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மகன் ஆடும் நாளெல்லாம் ஏரிக்கரையில் நிற்பேன். நன்றாக ஆடினால் இரும்புத் தொழிற்சாலையில் அவன் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வெறுங்கால் படத்தில் எடுப்பாக இருக்காது என்றார் படக்காரர். செக்ரட்டரியிடம் ஒரு குழுவுக்கு மட்டும்தான் பூட்ஸ் இருந்தது. அதை எதிரே ஆட வந்த தொழிற்சாலை அதிகாரிகளுக்குக் கொடுத்தார்.

"அண்ணே, இது ஆவாதுண்ணே" என்றான் எங்கள் கோல் கீப்பர்.

"சும்மா படத்துக்குத்தாம்பா. நெசமாவா ஆடப் போறீங்கோ?"

விசில் ஊதியபின் எது படம், எது நிஜம்? என் மகன் ஓரமாகப் பந்தைக் கொண்டுபோனான். செக்ரட்டரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு பூட்ஸ் அவன் முழங்காலில் இறங்கியது. அந்தச் சத்தம் கரைவரை கேட்டது. இன்றைக்கும் யாராவது விறகை முறித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

"பையன் தானா வயுக்கி வுயுந்துட்டான் சார்" என்று செக்ரட்டரி படக்காரரிடம் சொன்னதையும் கேட்டேன்.

கட்டுப் பிரித்தபோது கால் மடங்கவில்லை. தொழிற்சாலை கையை விரித்துவிட்டது.

மழைக்காலம் முடிந்து அந்தப் படம் எங்கள் டூரிங் கொட்டகைக்கு வந்தது. செக்ரட்டரி சூலூர்பேட்டையிலிருந்து மாமனார் வீட்டாரை அழைத்துவந்து பெஞ்சில் உட்கார்த்தியிருந்தார். நான் பெண்கள் பக்கம், புரொஜெக்டர் வெளிச்சம் தலைக்குமேல் போகும் இடத்தில், மணலில் இருந்தேன். திரையில் என் மகன் ஓடினான். அவனுக்குப் பின்னால் செக்ரட்டரி கைதட்டிக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். கால் முறிந்ததைக் காட்டவே இல்லை.

நான் எழுந்து நின்றேன். என் கொண்டையின் நிழல் திரையில் அவர் முகத்தின்மேல் விழுந்தது.

"யாரும்மா அது, குந்து!"

"டீச்சரம்மா, பெஞ்சு மேல ஏறி நில்லுன்னு யாருனா சொன்னாங்களா?"

கொட்டகையே சிரித்தது. நான் உட்காரவில்லை. மாப்பிள்ளை எங்கே, தெரியவில்லையே என்று பெஞ்சிலிருந்து ஒரு கிழவர் தெலுங்கில் கேட்டார். அவ்வளவு இனிப்பான சொல்லை அந்த வருஷம் நான் கேட்கவில்லை.

மறுநாள் செக்ரட்டரி பள்ளிக்கே வந்தார். "இன்னா டீச்சரம்மா, படிச்சவங்க பண்ற வேலையா இது?"

"நின்னுக்கினு பாத்தேன். நீங்க அன்னிக்கு நின்னுக்கினு பாக்கல?" என்றேன்.

வீட்டில் மகன்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ராத்திரிச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னான்: "நான் ஓடுறதையும் சேத்து மறைச்சிட்டியேம்மா. இனிமே அதுல மட்டுந்தான் ஓடுவேன்."

அவன் தள்ளிவைத்த தட்டை எடுத்து மூடிவைத்தேன்.

கொட்டகையில் அடுத்த ஆட்டத்துக்கு இருவரும் போனோம். அவன் கட்டையை ஊன்றிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனான். திரையில் அவன் ஓட ஆரம்பித்தபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். பந்தும் அவனும் திரையின் ஓரத்தைத் தாண்டி மறைந்தார்கள். செக்ரட்டரியின் சிரிப்பு மட்டும் மிச்சம் நின்றது.

இருட்டில் என் மகனின் குரல் வந்தது. "இப்போ எய்ந்திருமா!"

படம் ஊரைவிட்டுப் போகும்வரை அந்த மனிதரின் பல்லை யாரையும் நாங்கள் பார்க்கவிடவில்லை.