பூசணிக்கொடியில் அடிக்காத மருந்து

அக்காவின் மகளுக்கு மூன்று வயதில் மலேரியாக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசையைக் கரைத்துப் பருக்கிவிட்டு, நானும் அக்காவும் மாறி மாறி அவளருகில் இருந்தோம். அந்த மாரி மழைக்குப் பிறகு எங்கள் ஊரான பாலையூற்றில் நுளம்புக்கடி தாங்க முடியவில்லை. பொழுதுபட்டால் வேப்பிலைப் புகை போட்டும் சமைக்கக் குசினிக்குள் நிற்க இயலாது.

காய்ச்சல் இறங்கித் திரும்பவும் ஏறியது. மறுநாள் காலை, துறைமுகத்தில் வேலை செய்த அத்தான் யாரிடமோ இரவல் வாங்கிய பூச்சிமருந்துப் பம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டு வளவு முழுக்க நுளம்புக்கு அடிக்கப்போவதாகச் சொன்னார். வேலியோரம் நான் வைத்த பூசணி பூத்துக் கிடந்தது. பூவுக்குப் பூ தேனீ. நான் போய்க் கொடிக்கு முன்னால் நின்றேன்.

“இதில அடிக்க வேண்டாம் அத்தான்.”

“விலகு.”

“பூவுக்குள்ள நுளம்பு இல்லை. தேனீதான் சாகும்.”

“என்ர பிள்ளை கிடக்கிற கிடையைப் பார்த்தும் உனக்குப் பூசணிக்காயோ பெரிசு?”

அவர் கேட்டது நியாயம் என்றே பட்டது. ஆனாலும் விலகவில்லை.

அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். “வீட்டுச் சுவரில அடியுங்கோ. நான் இவளோட வெளியில நிக்கிறன். நுளம்பு எங்க பெருகுது எண்டு முதல் பாருங்கோ” என்றாள்.

அத்தான் என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். சுவர்களுக்கு அடித்து முடித்ததும் வளவில் தண்ணீர் தேடினோம். சிரட்டைகளையும் பழைய தகரங்களையும் கவிழ்த்தோம். பிறகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வளவுக்காரர் கிணறு வெட்டத் தொடங்கி, பாறை வந்ததால் பாதியில் விட்ட குழி தெரிந்தது. மழைத்தண்ணீர் தேங்கி, நுளம்புக் குஞ்சுகள் நெளிந்தன. அவர் பகலில் கிண்ணியாவில் கடையில் இருப்பார். கேட்காமலே வேலியைத் தாண்டிப் போனோம்.

அத்தான் குழியில் ஊற்ற மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். குழியின் ஈர விளிம்பில் தேனீக்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. திரும்பவும் வாய் திறக்க எனக்குப் பயமாக இருந்தது. தேனீக்களைக் கையால் காட்டினேன்.

அவர் போத்தலைக் கீழே வைத்தார். “அப்ப மண்ணைப் போட்டு மூடுவம். நீயும் சுமக்க வேணும்.”

வெட்டிக் குவித்த மண் அங்கேயே கிடந்தது. வெயிலில் அதைக் கடகம் கடகமாகச் சுமந்து கொட்டினோம். பின்னேரம் குழி தூர்ந்துவரும் நேரத்தில் அதன் சொந்தக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஆரைக் கேட்டு என்ர கிணத்தை மூடுறீங்கள்?”

“பிள்ளைக்குக் காய்ச்சல். குழி முழுக்க நுளம்பு” என்றார் அத்தான். மண்வெட்டி இன்னும் அவர் கையில் இருந்தது.

“அதுக்கு? என்ர வளவுக்குள்ள வந்து நிண்டு எனக்கே கதை சொல்லுறீரோ?”

இருவரும் நெருங்கினார்கள். அடிபாடு வரப்போகிறது என்று நினைத்தேன். நான் அத்தானின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினேன். அவர் விட்டார்.

“நாங்கள் செய்தது பிழைதான் அண்ணை. காத்திருக்க ஏலாமல் போச்சு” என்றேன்.

பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு அப்பால் அக்காவின் தோளில் சுருண்டு கிடந்த பிள்ளையைப் பார்த்தார். “எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

பிள்ளை சுகமானாள். குளிசையாலா, எங்கள் வேலையாலா, தெரியாது. நுளம்பு குறைந்தது, ஒழியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பல மாதம் எங்களோடு கதைக்கவில்லை. பிறகு வளவின் மறுமூலையில் புதிதாகக் கிணறு வெட்டத் தொடங்கினார். கூப்பிடாமலே அத்தான் போய் மண் அள்ளிக் கொடுத்தார்.