ஊசிக்காது

ஊசிக்காது என்ற பெயரை அண்ணி முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த மறுவாரம். வாசலில் நின்ற டிரைவர், “ஊசிக்காது இருக்காங்களா?” என்றார். ஊசிதான் கேட்கிறார் என்று அண்ணி தேடிப்பிடித்து ஒன்றை எடுத்து நீட்ட, உள்ளேயிருந்து புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அது என் தங்கச்சிடி! அரங்கத்துல டிரெஸ் தைக்கிறாளே, அங்க அவளுக்கு அதான் பேரு.”

மேடையில் நிற்பவர் நிஜமாகப் பாடுகிறாரா, பதிவை ஓடவிட்டு வாயசைக்கிறாரா என்று நாத்தனார் சொல்லிவிடுவாள். ஒருமுறையும் தப்பியதில்லை. அப்பேர்ப்பட்ட காது என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். அவளுக்கு வலது காது அறவே கேட்காது, இடது காது அரைகுறை என்பது வீட்டு ஆட்களுக்கு மட்டுமே தெரியும்.

“வெளியில மூச்சு விட்டுடாதீங்க அண்ணி. கூப்பிட்டா திரும்பாதவளை எவன் வேலைக்கு வெச்சுக்குவான்?”

பிறகு அண்ணியும் அதே தையலறைக்கு இஸ்திரி போடப் போனாள். அப்போதுதான் வித்தை விளங்கியது. பாடிவிட்டு வந்த உடையின் விலாவோரத்தை நாத்தனார் விரலால் தடவுவாள். நிஜமாக மூச்சிழுத்துப் பாடியிருந்தால் தையல் இழுபட்டு, ஊசித் துளைகள் வாய் பிளந்திருக்கும். வாயசைத்தவரின் தையல் போட்டது போட்டபடி கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, புதிதாக வந்த பாட்டுக்காரப் பெண் துளி பிசிறில்லாமல் பாடினாள். அதுவே வினையாயிற்று. “டேப்பு! டேப்பு!” என்று சனம் கூச்சல் போட்டது. ஒலிக்கருவியை இயக்கியவன் அந்தப் பெண்ணின் சொந்த அண்ணன். அவன் சாட்சி எடுபடவில்லை. மறுநாள் காலை மேனேஜர் அவளைத் தையலறைக்கே கூட்டி வந்தார்.

“ஊசிக்காது, நீ சொல்லு. டேப்புன்னா இவ இன்னிக்கே பெட்டியைக் கட்டலாம்.”

“பாடினாங்க சார்.”

“நேத்து நீ உள்ள வரவே இல்லையே! எந்தக் காதால கேட்ட?”

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. சொல்லிவிடாதே என்று அண்ணி கண்ணாலேயே கெஞ்சினாள்.

“எந்தக் காதாலயும் இல்ல சார். எனக்குச் சரியா கேட்காது. பத்து வருஷமா உங்க வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்றேன்.”

நேற்றைய கவுனை எடுத்து விரித்தாள். நேரமில்லாமல் விலாவில் வெறும் ஓட்டுத்தையல் போட்டு அனுப்பியது. நூல் மூன்று இடத்தில் அறுந்திருந்தது.

“இத்துப்போன நூலா இருக்கும்,” என்றார் மேனேஜர்.

நாத்தனார் வாக்குவாதம் செய்யவில்லை. அந்தப் பெண்ணிடம் கவுனை மாட்டிக்கொண்டு வரச் சொல்லி, விலாவைப் புதுநூலில் ஓட்டினாள். “முதல்ல சும்மா வாயை அசை கண்ணு.” ஒரு பாட்டு முழுக்க அசைத்தாள், நூல் அப்படியே இருந்தது. “இப்பப் பாடு.” இரண்டாவது அடியில் அவள் மூச்சை இழுத்த இழுப்பில் நூல் பட்டென்று தெறித்தது.

அண்ணிக்குக் கைதட்டத் தோன்றியது, கையில் இஸ்திரிப்பெட்டி.

மேனேஜர் குனிந்து அறுந்த நூலை நிமிண்டிப் பார்த்தார். “சாயங்காலம் நேரத்துக்கு வந்துடும்மா,” என்றார் அந்தப் பெண்ணிடம். பிறகு நாத்தனாருக்கு நேராகத் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து, “நீயும்தான்,” என்றார்.

அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம் அங்கேயே தைத்தாள். இப்போது அண்ணன் வீட்டு மாடியறையில், அண்ணியோடு இருக்கிறாள்.