தூக்கிக் குடித்த பீர்

மயிலாப்பூரில் நான் வளர்ந்த வீட்டின் ஆசாரங்களில் எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. எதையும் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்க மாட்டேன். தண்ணீர், காபி, மோர் எதுவானாலும் அண்ணாந்து தூக்கித்தான் குடிப்பேன். மற்ற ஆசாரமெல்லாம் என்றோ போயாயிற்று. பீர் குடிக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரமணி அலுவலகத்தில் என் நாக்குக்கு ஒரு பெயர் உண்டு. காபியை ஒரு வாய் விட்டுக்கொண்டால் போதும், சிக்கரி எவ்வளவு, பால் எப்போது காய்ச்சியது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. பக்கத்து இருக்கையில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த நாக்கின் மேல் என்னைவிட நம்பிக்கை. அடையாற்றங்கரைக் குடியிருப்பில் பிறந்து, படித்து, வேலைக்கு வந்தவன். எனக்குத் தம்பி மாதிரி. சனி ஞாயிறுகளில் புதுச்சேரிக்கு பஸ் ஏறி, அங்கே ஒரு சின்ன பீர் ஆலையில் கூடமாட வேலை செய்வான். இந்த வேலையை விட்டுவிட்டு முழுசாக வந்துவிடு என்று அந்த முதலாளி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போவதா வேண்டாமா என்று கிடந்து தவித்தான்.

ஒரு ஞாயிறு காலை ஆதம்பாக்கத்தில் தன் வீட்டுக்கு என்னை வரச் சொன்னான். மேஜையில் ஐந்து பாட்டில்கள். பெங்களூரு, கோவா, புதுச்சேரி என்று ஊர் ஊராகச் சேர்த்தவை. லேபிளைக் கிழித்துவிட்டு, அவன் மனைவி ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதி ஒட்டியிருந்தாள். நிறம், மணம், சுவை மூன்றுக்கும் நான் பத்துக்கு இவ்வளவு என்று போட வேண்டும். நாலாவது அவனே காய்ச்சியது. அது தேறினால் மறுநாளே ராஜினாமா கொடுப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

ஒரே கண்ணாடி டம்ளரை அவனும் நானும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டோம். வழக்கம்போல் தூக்கினேன். நுரை மூக்கில் ஏறி இருமல் வந்தது.

"இன்னாக்கா, வாய் வெச்சுதான் குடியேன். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"போடா! எச்சில் பண்ணிக் குடிக்கறதாவது! நேக்கு நாக்குல பட்டாப் போறும்."

மணத்துக்கு எல்லாவற்றுக்கும் இரண்டு, மூன்று என்று போட்டேன். நாலாவதுக்கு ஒன்று. அதில் கசப்பு மட்டும் நாக்கில் அறைந்தது. "சகிக்கலைடா. வேப்பம்பூ ரசத்தை ஃப்ரிட்ஜுல வெச்சு மறந்துட்டா மாதிரி இருக்கு. வாசனைங்கறதே இல்லை. பண்ணினவன் வேற வேலை பாக்கலாம்" என்றேன். அவன் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அவன் சிரித்தான். "கரெக்டுக்கா" என்று, நான் எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதோடு புதுச்சேரிக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஏன்டா என்று கேட்டால், "பஸ்ஸுல போய்க்கினு வந்துக்கினு முதுவு வலிக்குதுக்கா" என்பான். நானும் நம்பினேன்.

எட்டு மாதம் கழித்து அலுவலக வேலையாகப் பெங்களூரு போனபோது, பீரை அங்கேயே காய்ச்சித் தரும் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தேன். வாய் அகன்ற கோப்பையில் விளிம்புவரை நுரை. தூக்கினால் புடவையெல்லாம் பீராகிவிடும். திருதிருவென்று விழித்ததைப் பார்த்து, பரிமாறிய தமிழ்ப் பெண் சொன்னாள்: "மூக்கை உள்ள விட்டு ஒரு இழு இழுத்துட்டுக் குடிங்க மேடம். பாதி ருசி அங்கதான் இருக்கு." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாய் வைத்தேன். மாம்பழத் தோலும் ஆரஞ்சுத் தோலுமாக மணம் குப்பென்று ஏறியது. அதன் பின்னால் வந்த கசப்பு கசப்பாகவே இல்லை. காபி சூடு, எவ்வளவு தூக்கினாலும் அதன் மணம் தானாக மேலே வரும். ஜில்லென்ற பீருக்கு மூக்குதான் இறங்கிப் போக வேண்டும். ஐயோ, அன்று ஐந்தில் ஒன்றைக்கூட நான் மோந்தே பார்க்கவில்லை!

ஊர் திரும்பிய கையோடு ஆதம்பாக்கம் போனேன். கதவைத் திறந்த அவன் மனைவியிடமே விஷயத்தைக் கொட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்த நாலாவது அவரு செஞ்சதுக்கா" என்றாள். ராஜினாமாப் பேச்சையும் சொன்னாள்.

"வுடுக்கா, அங்க வேற ஆள் வந்துட்டான்" என்றான் உள்ளேயிருந்து வந்த அவன். "அதுல ஒரு பாட்டில் இன்னும் கீது, குடிக்கிறியா?"

ஊற்றினான். டம்ளருக்குள் மூக்கை விட்டு இழுத்தேன். வாய் வைத்துக் குடித்தேன். மறுபடி இழுத்தேன். ஒன்றுமில்லை.

"வராதுக்கா. இந்த மாதிரி பீருல வாசனை ரெண்டு மூணு மாசம்தான் நிக்கும். அப்பால போய்டும்."

"அன்னிக்கு இருந்துதாடா?"

"சூப்பரா இருந்துச்சு. நார்த்த எலைய கசக்குனா மாதிரி."

"பின்னே ஏன்டா பாவி வாயை மூடிண்டு இருந்தே?"

நான் எச்சில் செய்த டம்ளரை வாங்கி, மீதியைக் குடித்து முடித்தான்.

"நீ இல்லன்னு சொன்னதும், என் மூக்கு மேலயே எனக்கு சந்தேகம் வந்துட்ச்சுக்கா."