ராசம்மா போட்ட வெறுஞ்சீட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குப் பூண்டுலோயாவில் பஸ் ஏறினோம், நானும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு ராசம்மாவும். ஹட்டனுக்கு அப்பால் மலைமேல் இருக்கிற அந்தோனியார் கோயிலில் நவநாள் பூசை. நான் பிறந்த மூன்றாம் நாளே ஞானஸ்நானம் பெற்றவள். நாற்பது வருடமாகத் தோட்டத்துக் கோயிலைக் கூட்டிப் பூ வைக்கிறவள். ராசம்மா ஞானஸ்நானம் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் குவைத்துக்குப் போய்ப் பேச்சில்லாமல் இருந்த அவள் மகள் போன மாதம் போன் எடுத்துப் பேசிவிட்டாள். என்னோடு கோபித்துக்கொண்டு கொழும்புக்குப் போன என் மகன் சேவியரிடமிருந்து ஆறு வருடமாக ஒரு வார்த்தை இல்லை.

எட்டு மணிக்குப் பஸ் மாறத் தலவாக்கலையில் இறங்கினோம். நான் உபவாசம். ராசம்மா பால் விடாத பிளேன்டியும் இரண்டு வடையும் சாப்பிட்டாள். வடை தின்கிறவளுக்கா பதில் கிடைத்தது என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஒன்பதரைக்கு ஹட்டன். கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நானூறு ரூபாய் கேட்டார்.

"முந்நூறுக்கு வாங்க தம்பி, கோயிலுக்குத்தானே போறோம்."

"அப்ப பெட்ரோலுக்கும் ஒரு நவநாள் வைங்கம்மா!"

நானூறுதான் கொடுத்தோம்.

கோயில் வாசலில் மேசைமேல் சீட்டும் பேனையும் இருக்கும். வேண்டுதலை எழுதி, மடித்து, பெட்டியில் போட வேண்டும். பூசையில் அதைப் பீடத்தில் வைப்பார்கள்.

"எனக்கும் ரெண்டு வரி எழுதித் தாங்கக்கா" என்றாள் எழுதத் தெரியாத ராசம்மா.

"எனக்கே எடம் பத்தாது" என்றேன்.

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டி, கோயிலைப் பெருக்கினது, பூ வைத்தது, வெள்ளிதோறும் பட்டினி கிடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு பக்கமும் நிறைந்தது. வாசித்துப் பார்த்தால் சேவியரின் பெயரே இல்லை. ஓரத்தில்கூட இடமில்லை. பூசை மணி அடித்துவிட்டது, அப்படியே போட்டேன். ராசம்மா வெறும் தாளை நாலாக மடித்து, உதட்டில் ஒற்றி முத்தி செய்து, பெட்டிக்குள் விட்டாள்.

"வெறுந்தாளப் போடுறியே, புத்தி இருக்கா ஒனக்கு?"

"அவரு இருக்காரு, கேட்டாத் தருவாருன்னுதானேக்கா இவ்வளவு தூரம் வந்தேன். எழுதினாத்தான் தெரியுமா அவருக்கு?"

மூன்று மணிக்குத் திரும்பும் பஸ்ஸில் ராசம்மா கேட்டாள்: "சேவியர் தம்பிக்கு இன்னும் கருவாட்டுக் கொழம்பு புடிக்குமாக்கா?"

"எதுக்குடி?"

"வந்தா ஆக்கணும்ல. என் மவதான் பேசிட்டாளே. சீட்ட ஒங்க மவனுக்குத்தான் போட்டேன்."

எனக்கு நன்றி வரவில்லை. அவள் மகள் பேசியதற்குக்கூட நான் இவ்வளவு பொறாமைப்படவில்லை. நான் பெற்ற பிள்ளை வருவான் என்று என்னைவிட அவள் நம்புகிறாள். கடவுளுக்கு நாற்பது வருடம் வேலை செய்தேனே ஒழிய, அவர் தருவார் என்று நம்பி ஒரு நாளாவது மகனுக்கு உலை வைத்தேனா?

பூண்டுலோயாவில் இறங்கியதும் ராசம்மா கருவாட்டுக் கடைப் பக்கம் திரும்பினாள். நான் அவளை விலக்கிக்கொண்டு முன்னே போய்க் கால் கிலோ வாங்கினேன். என் மகனுக்கு அவள் ஆக்கிப்போடுவதா?