வடிவேலு கடைப் பின்னங்கால்

சிராங்கூன் ரோட்டில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்த வடிவேலுவுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று ஆடு, மற்றொன்று பந்து. ஆட்டில் சம்பாதித்ததைப் பந்தில் விட்டார். கடை ஆட்கள், கப்பல் பட்டறைத் தொழிலாளிகள், வேலைவெட்டியில்லாத பட்டாளம் எல்லோரையும் சேர்த்து ஒரு குழு கட்டி, சனிக்கிழமைதோறும் ஃபேரர் பார்க் திடலில் இறக்கிவிடுவார். மற்ற முதலாளிகள் ஜெயித்த பிள்ளைகளுக்குக் கோப்பியும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார்கள். வடிவேலுவின் நியாயம் தனி. கோல் போட்டவனுக்கு ஈரல். எதிராளியை நொண்ட வைத்து வெளியே அனுப்பினவனுக்கு ஒரு முழுப் பின்னங்கால், குளம்போடு.

"கோல் போட்டா ஒரு கோல்தான்லா. ஆளையே அனுப்பிட்டா ஆட்டம் முடியற வரைக்கும் நமக்கு லாபம்" என்பார்.

அப்போதெல்லாம் அடிபட்டவனுக்குப் பதிலாக வேறு ஆளை இறக்கும் வழக்கமில்லை. ஆகவே வியாபாரக் கணக்கில் அவர் சொன்னது சரிதான். மனுஷக் கணக்கை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இதில் ஒளிவு மறைவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தித்தாள் பொட்டலத்துக்கு வெளியே குளம்பு நீட்டிக்கொண்டிருக்க, பஃபலோ ரோட்டில் எவன் நடந்து போகிறானோ அவன்தான் நேற்று எவனையோ சாய்த்தவன். தெருவே பார்த்துச் சிரிக்கும். குழுவில் ஆடிய மருதப்பனும் இரண்டொரு முறை அப்படி நடந்திருக்கிறான். எல்லாம் கணுக்கால் சுளுக்கு, முட்டிச் சிராய்ப்பு. அடுத்த வாரமே எழுந்து வந்து ஆடிவிட்டார்கள். அதற்காக அவன் தூக்கம் கெட்டதில்லை.

மருதப்பனுக்கு செம்பவாங் பட்டறையில் கப்பலின் அடிவயிற்றில் துரு சுரண்டும் வேலை. வாரம் முழுக்கச் சுத்தியலால் இரும்பைத் தட்டிவிட்டு, சனிக்கிழமை வந்தால் குழுவின் பின்வரிசையில் வலது பக்கம் நிற்பான். ஓட்டம் போதாது, ஆனால் அவனைத் தாண்டிப் போவது சுவரைத் தாண்டிப் போவதுதான். கோல் போடுகிறவன் பெயரைத்தான் ஜனங்கள் கூவுவார்கள், சுவரின் பெயரை யார் கூவுவார்? அது அவனுக்குப் பழகிப்போயிருந்தது, வேலாயுதம் அந்தத் தெருவுக்குக் குடிவரும்வரை.

வேலாயுதம் அதே பட்டறையில் ஸ்டோர் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. இஸ்திரி போட்ட சட்டை, வகிடெடுத்த முடி, வெள்ளைக்காரனிடம் தடங்கலில்லாத இங்கிலீஷ். எதிர்க்குழுவில் இடது ஓரத்தில் ஆடினான். பந்து அவனிடம் போனதும் திடலைச் சுற்றி நின்ற கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அவனைத் தடுக்க வேண்டியவன் யார்? வலது பக்கத்துச் சுவர்தான். ஒவ்வொரு முறையும் சுவர் தரையில் கிடந்தது, வேலாயுதம் தாண்டிப் போனான். போனவன் சும்மா போனாலும் பரவாயில்லை. திரும்பி வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "அடி ஒண்ணும் படலியே அண்ணே?" என்று கேட்பான். அந்த 'அண்ணே'தான் மருதப்பன் வயிற்றில் கங்கு வைத்தது. திமிர் பிடித்தவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். நல்லவனை எப்படித் திட்டுவது?

ஒருநாள் வேலாயுதத்தின் படம் பத்திரிகையில் வந்தது. மருதப்பனின் மனைவி சந்திரமதி அந்தத் தாளை அடுக்களைப் பலகையில் விரித்து மிளகாய் டப்பாவையும் உப்பு ஜாடியையும் வைத்தாள். படம் மேல்பக்கம் இருந்தது. மருதப்பன் டப்பாக்களை இறக்கி, தாளைத் திருப்பிப் போட்டு, மறுபடி அடுக்கினான். சாயங்காலம் பார்த்தால் மறுபடி படம் மேலே.

"எதுக்குடி இது?"

"மறுபக்கம் சாவு விளம்பரமா இருக்கு. அடுக்களையில அதையா வைக்கச் சொல்றீங்க?" என்றவள், போகிறபோக்கில், "அந்தத் தம்பி ஓடுறது பாக்கவே நல்லாருக்குங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பத்து வருஷக் குடித்தனத்தில் அவன் ஓடுவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் துரு சுரண்டும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சுரண்டிப் பார்த்தான், போகவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம், சிங்கப்பூர்க் குழுவுக்கு ஆள் எடுக்க வேலாயுதத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். தேர்வு ஜாலான் புசார் ஸ்டேடியத்தில். அதற்கு முந்தின சனிக்கிழமை ஃபேரர் பார்க்கில் இரண்டு குழுவுக்கும் ஆட்டம். வடிவேலு கத்தியைத் தீட்டிக்கொண்டே மருதப்பனைக் கூப்பிட்டார்.

"அவன் காலுக்கு மட்டும் ரெண்டு பின்னங்கால். என்ன சொல்றே?"

"பாக்கலாம் முதலாளி" என்றான் மருதப்பன். மனசுக்குள்ளே அவனுக்குத் தெரியும், ஒரு துண்டு எலும்பு தராவிட்டாலும் அவன் அதைச் செய்திருப்பான். ஆனால் இப்போது அதற்கொரு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. கறிக்கு ஆசைப்பட்டான் என்று ஊர் சொல்லும். அது பரவாயில்லை. பொறாமை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அன்று மழை. திடல் சேறாகக் கிடந்தது. இடைவேளைக்குப் பிறகு வேலாயுதம் பந்தை எடுத்துக்கொண்டு வந்தான். மருதப்பன் எதிரே ஓடினான். வேலாயுதம் பந்தை முன்னால் தட்டிவிட்டான். வழக்கமாக அந்த நொடியில் அவனும் துள்ளிப் பறந்துவிடுவான். அன்று ஏனோ நின்ற இடத்திலேயே நின்றான். பந்து போய் வெகுநேரம் ஆனபிறகு மருதப்பனின் பூட்ஸ் அவன் இடது முழங்காலுக்குக் கீழே இறங்கியது. கரும்பை முறிக்கிற சத்தம் கேட்டது. கூட்டம் வாயடைத்து நின்றது. அந்த மௌனத்தில் மருதப்பனுக்கு மனசு குளிர்ந்தது. இருந்ததைச் சொல்ல வேண்டியதுதான், குளிரத்தான் செய்தது.

மறுநாள் காலை இரண்டு பின்னங்கால்களோடு பஃபலோ ரோட்டில் நடந்தான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

சந்திரமதி பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு காலா இரண்டா என்று பார்த்தாள். தொடைக்கறியை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கால்களை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டாள். ரோமத்தைத் தணலில் வாட்டி, மஞ்சள் பூசிச் சுரண்டி, மிளகும் சீரகமும் இடித்துப் போட்டு மத்தியானம்வரை கொதிக்க விட்டாள். எலும்பு முறிந்தவனுக்கு ஆட்டுக்கால் சூப் கொடுப்பது ஊர் அறிந்த வைத்தியம். தூக்குச்சட்டியில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நீங்களே குடுங்க."

"நானா?"

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

வேலாயுதம் கட்டுப்போட்ட காலை உயரத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். ஊதி ஊதிக் குடித்தான். "அக்கா கைமணமே தனி அண்ணே" என்றான். இப்படி மிளகு தூக்கலாக எனக்கு என்றைக்காவது சூப் வைத்திருப்பாளா என்று மருதப்பனுக்குத் தோன்றியது. காலை உடைத்துப் படுக்கப் போட்டும் அவனே ஜெயித்துக்கொண்டிருந்தான்.

எலும்பு கோணலாகத்தான் சேர்ந்தது. வேலாயுதம் அதன்பிறகு பந்தைத் தொடவில்லை. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். பாவம், அவனுக்கு இரண்டும் பட்டது.

ஆனால் மருதப்பன் தொடர்ந்து ஆடினான். அதுதான் அவன் செய்த பிழை. வயிறு சரிந்தது, மூச்சு வாங்கியது. மீசை அரும்பாத பையன்கள் அவனைச் சுற்றிச் சுற்றி ஓட, கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. கடைசியில் வடிவேலுவே, "போதும்லா மருதப்பா, வீட்ல இரு" என்று சொல்லிவிட்டார். வேலாயுதத்துக்கு அப்படியொரு நாள் வரவே இல்லை. அவனுக்குத் தொப்பை விழுந்து யாரும் பார்க்கவில்லை. வருஷம் ஏற ஏற அவன் ஆட்டம் வளர்ந்தது. அவன் போடாத கோல்களையெல்லாம் ஜனங்கள் போட்டதாகச் சொன்னார்கள்.

சிங்கப்பூருக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் ஒரு மத்தியானம், ஹனீபாவின் கோப்பிக் கடையில் இருவரும் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தது. ஹனீபா கோப்பியை ஆற்றிக்கொண்டே, "வேலாயுதம் அண்ணன் மட்டும் ஆடியிருந்தா, ஆசியாவே பாத்திருக்கும்லா" என்றார்.

மருதப்பனுக்குப் பொறுக்கவில்லை. "கிழிச்சிருப்பான்! இன்னும் ரெண்டு வருஷம் ஆடியிருந்தா இவனுக்கும் என் கதிதான்!"

ஹனீபா முகம் சுளித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். வேலாயுதம் கோபப்படவில்லை. மேசையில் குனிந்து தணிந்த குரலில் சொன்னான்.

"ரெண்டு வருஷம்கூட இல்லண்ணே. அப்பவே வலது முட்டி போயிருச்சு. துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் ஆடுனேன். 'இதை வச்சுக்கிட்டு ஸ்டேடியத்துல அரை மணி நேரம் தாங்காது'ன்னு ஆஸ்பத்திரியில கட்டுப்போடுற டிரஸ்ஸர் சொல்லிட்டாரு. எல்லார் முன்னாலயும் கேவலப்படணுமேன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்ப அன்னைக்கு..."

"நீங்க வர்ற வேகத்தைப் பாத்தேன். பந்தைத் தட்டிட்டு நின்னுட்டேன். ஒரு மாசம் நொண்டினா போதும்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு நெனக்கல." கோணல் காலைத் தடவிக்கொண்டான். "ஆனாலும் பாருங்க, பேரு நின்னுருச்சு. எல்லாம் நீங்க குடுத்ததுண்ணே."

மருதப்பன் எழுந்துவிட்டான். கூவிச் சொல்ல வேண்டும்: அடுப்படியில் நிற்கும் ஹனீபாவிடம், வடிவேலுவிடம், தெருவிடம். எல்லோரையும் விட முக்கியமாக வீட்டில் இருப்பவளிடம். இவன் தேறியிருக்கமாட்டான், இவன் வாயாலேயே சொன்னான் என்று. வாயைத் திறந்தான். சந்திரமதி தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. ஊரில் வேறு எவன் சொன்னாலும் ஒருவேளை நம்புவார்கள். இரண்டு பின்னங்கால் வாங்கினவன் சொன்னால்?

வாயை மூடிக்கொண்டான். வேலாயுதம் மேசையைப் பிடித்து எழுந்து, சட்டைப் பைக்குள் கைவிட்டான். ஹனீபா பதறி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட நான் காசு வாங்குவனா அண்ணே? போய்ட்டு வாங்க."

வேலாயுதம் விந்தி விந்தித் தெருவில் இறங்குவதைக் கடையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஹனீபா மருதப்பன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.