கரி எரிக்கப் போன பயணம்

வளைகுடாவில் வேலை முடித்துத் திரும்பியதும் என் வீட்டுக்காரர் டீசல் கார் ஒன்று வாங்கினார். சபை ஆயர் வந்து, தூர யாத்திரைகளிலெல்லாம் இந்த வாகனத்தைக் காத்தருளும் என்று ஜெபித்தார். ஆண்டவருக்கு அந்த வேலையே வராதபடி என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். ஞாயிறு தோறும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற கோவிலுக்கு, எப்போதாவது பக்கத்துப் பனச்சமூடு சந்தைக்கு மீன் வாங்க, காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் பிரஷர் பார்க்க. அவ்வளவுதான் அதன் ஓட்டம். மற்ற நாட்களில் காலையில் ஸ்டார்ட் செய்து, அவர் பல் தேய்த்து முடிக்கிறவரை முற்றத்திலேயே உறும விடுவார். கல்ஃபிலிருந்து வந்தவர்கள் வீடுகளில் இதுதான் காலை ஆராதனை. இல்லையென்றால் பேட்டரி செத்துவிடுமாம்.

எங்காவது போகலாமா என்றால், "இது அவசரத்துக்கு உள்ள வண்டியாக்கும்" என்பார். நாங்குநேரியில் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அது அவசரத்தில் சேரவில்லை. சரி, பஸ்ஸில் போகிறேன் என்றேன். வீட்டில் கார் நிற்க நீ பஸ்ஸுக்கு நின்றால் சபையில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். ஆக, காரிலும் போக முடியாது, கார் இருப்பதால் பஸ்ஸிலும் போக முடியாது. அக்கா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் நான் போனில்தான் அழுதுகொண்டிருந்தேன்.

ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனோம். புகையோடு வருகிற கரியைப் பிடித்துவைக்க வண்டிக்கடியில் ஒரு பில்டர் உண்டாம். வண்டி வேகமாக ஓடிச் சூடேறினால் கரி தானே எரிந்துபோகும். முற்றத்தில் நின்று உறுமினால் சேர்ந்துகொண்டே இருக்கும்.

"சாரே, வண்டிய ஓட்டணும்," என்றார் மெக்கானிக். "நல்ல ரோட்டுல, அறுபதுக்குக் கொறையாம, அரை மணிக்கூர் நிக்காம விடணும். இல்லேங்கி பில்டரயே மாத்த வேண்டி வரும்."

எனக்கு நிமோனியா வந்தபோதுகூட என் வீட்டுக்காரர் முகம் அப்படி வாடிப் பார்த்ததில்லை.

"கோவளம் பைபாஸ் போதும்," என்றார் அவர்.

"அங்க சிக்னல் சிக்னலா நிப்பீங்க. காவல்கிணறு தாண்டிட்டா நாலுவழி ரோடு, நிக்கவே வேண்டாம்," என்றேன். அதே ரோட்டில்தான் நாங்குநேரி; அந்தப் பெயர் மட்டும் என் வாயிலிருந்து வரவில்லை. மறுநாள் காலையில் மரச்சீனிக் கிழங்கும் நேந்திரங்காய் வற்றலும் நிறைத்த பையைப் பின்சீட்டில் வைத்தேன். அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததால் பையைப் பற்றிக் கேட்கவில்லை.

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் ஊர்ந்துவிட்டு, காவல்கிணறு தாண்டியதும் எண்பதில் மிதித்தார். காற்றாலைகள் இருபுறமும் ஓடின. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இவ்வளவு வேகமாக எங்கேயும் போனதில்லை. மெக்கானிக் சொல்லிவிட்டாரே, அந்த விசுவாசம். அவர் விளக்கு அணைய வேண்டுமென்று ஜெபித்திருப்பார். நான், ஆண்டவரே, அந்தக் கரி மெதுவாக எரியட்டும் என்று ஜெபித்தேன்.

அரை மணிக்கூர் ஆவதற்கு முன்னாலேயே, வள்ளியூர் நெருங்கும்போது விளக்கு அணைந்தது.

"ஸ்தோத்திரம்!" என்றார். சொன்ன கையோடு, வண்டியைத் திருப்ப இடம் தேடத் தொடங்கினார்.

"அக்கா வீட்டுக்கு இனி கொஞ்ச தூரந்தான் உண்டு."

"காரியம் முடிஞ்சுல்லா. இனி எதுக்கு சும்ம ஓட்டணும்? அவசரம் ஒண்ணும் இல்லியே."

பின்சீட்டிலிருந்த பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு விளக்குக்காக ஜில்லா விட்டு ஜில்லா வந்த மனுஷர் என் கூடப்பிறந்தவளுக்காக இன்னும் கொஞ்ச தூரம் வர மாட்டார்.

"நிறுத்துங்க," என்றேன்.

"நிறுத்தப்படாதுன்னு அவன் சொன்னான்லா?"

"அதான் அணஞ்சு போச்சே. நிறுத்துங்க."

வள்ளியூருக்குப் பிரியும் விலக்கில் பையோடு இறங்கினேன். "நான் பஸ்ஸுல போறேன். இஞ்ச நம்ம சபைக்காரங்க யாரும் இல்ல, நீங்க பயப்படாண்டாம்," என்று கதவைச் சாத்தினேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்ததும் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. பசிதான் வந்தது.

அக்கா கதவைத் திறந்தாள். பாதியாக மெலிந்திருந்தாள்; ஒரு கை அடிவயிற்றைத் தாங்கியிருந்தது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, தனியாவா வந்த? காரு என்னாச்சு? ஏதோ கோளாறுன்னியே?"

"அதுக்குச் சொகமாயிட்டுதுக்கா," என்றேன். "வீட்டுக்குப் போயிட்டுது."