பக்கத்து இருக்கையின் எடை

மலைப்பாதையில் பேருந்து திணறும்போது கிளட்ச் சூடாகி ஒரு கருகல் வாசனை வருமே, அதற்கு எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நான் ஜன்னலைத் திறந்து, கூடவே உப்புக்காற்றும் வருகிறதா என்று பார்ப்பேன். எங்கே வரும்? அது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, புதிதாய்ப் போட்ட கடற்கரைச் சாலையில் வீசிய காற்று.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் எனக்கு வேலை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஒரு காருக்கு எத்தனை விநாடி ஆகும் என்று, காரைத் தொடாமலே கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பவர் ஒரு கருங்குழிக்காரர். என் வயதுதான். விடியலுக்கு முன்னால் கிளம்புவோம். அவர் கிளட்ச் கருகக் கிளப்பி ஓட்டுவார். பக்கத்தில் நான், மடியில் லேப்டாப். காற்று தள்ளிவிடும் என்பதால் வடக்கே ஓர் ஓட்டம், தெற்கே ஓர் ஓட்டம், இரண்டுக்கும் சராசரி.

மற்ற ஓட்டுநர்களை 'அண்ணா' என்பேன். இவரை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

என் கணக்கைவிடச் சாலையில் கார் எப்போதும் கொஞ்சம் மெதுவாகவே வேகமெடுத்தது.

"உங்க பொட்டி ஏசி ரூமுல ஒக்காந்துகினு ஓட்டுது மேடம். இங்க காத்து கீது, மணலு கீது. அதுக்கு இன்னா தெரியும்?"

"கணக்கு சரிதான். ரோடுதான் தப்பு."

"அப்ப ரோட்ட மாத்திரச் சொல்லட்டா?"

சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்புவார். கடலிலிருந்து சூரியன் மேலே வந்திருக்கும்.

மேலாளர் சிரிக்கவில்லை. இந்த மாதத்துக்குள் இரண்டும் ஒத்துவராவிட்டால் கம்ப்யூட்டர் கணக்கே வேண்டாம் என்றார். அதாவது நானும் வேண்டாம்.

டயர், காற்று, பெட்ரோல் எடை என்று ஒவ்வொன்றாகத் துருவினேன். ஒரு மதியம் உறைத்தது. கம்ப்யூட்டர் காரில் ஓட்டுநர் மட்டும்தான் இருந்தார். சாலையில் போன காரில் நானும் இருந்தேன். கம்ப்யூட்டரில் அவர் பக்கத்தில் என்னையும் ஏற்றினேன். அப்படியே பொருந்தியது. திரையில் அந்த இரண்டு பேரையும் வெகுநேரம் அழிக்காமல் வைத்திருந்தேன்.

ஆனால் விளம்பரத்தில் போடுவது ஓட்டுநர் மட்டும் இருக்கும் காரின் கணக்கு. "ரோட்லயும் அப்படியே காட்டுங்க" என்றார் மேலாளர்.

மறுநாள் காலை, லேப்டாப்பில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கருங்குழிக்காரருக்குச் சொல்லிவிட்டு இறங்கினேன். சவுக்குத் தோப்பு ஓரம் நின்று பார்த்தேன். நான் இல்லாத கார் அத்தனை லேசாகப் போயிற்று. தப்பாக வரட்டும் என்று ஒரு மனசு, வேலை வேண்டுமே என்று ஒரு மனசு.

ஒத்துவந்தது. என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். திரும்பும் வழியெல்லாம் அவரே பேசினார். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் காரில் நான் உட்கார ஒரு காரணமும் இல்லை. சில வாரத்தில் அவரை வேறு மாநிலத்து ஆலைக்கு மாற்றிவிட்டார்கள். இன்றும் எந்தக் கணக்கு மிச்சமில்லாமல் பொருந்தினாலும், அதற்காக யாரை இறக்கிவிட்டோம் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

அன்று கம்பெனி வாசலில் என்னை இறக்கிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் அவர் சொன்னார்:

"ஒத்துகிச்சு இல்ல மேடம்? இனிமே எனக்கோசரம் இருட்டுல எழுந்து அல்லாட வேணாம். நல்லா தூங்குங்க."